கொல்லைக் காய்கறியும் குடும்பத்தின் பசியும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கை அரசு தன் ஊழியர்களுக்கு ஒரு சலுகை அறிவித்தது. மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகம் வர வேண்டாம்; அந்த நாளில் வீட்டுத்தோட்டம் போட்டு உணவுப் பயிர் வளருங்கள் என்றது. பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. முந்தைய ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்த அரசு, நவம்பரில்தான் அதை விலக்கிக்கொண்டது. அதற்குள் நெல் விளைச்சல் விழுந்துவிட்டது. வெளியிலிருந்து அரிசி வாங்க டாலர் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. நாட்டில் 63 லட்சம் பேருக்கு அடுத்த வேளை உணவு உறுதியில்லை என்று ஐக்கிய நாடுகள் சபையின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன.

அவ்வளவு பெரிய நெருக்கடிக்கு எதிரே ஒரு பாத்தி கத்தரியையும் நாலு வெண்டைச் செடியையும் கொண்டுபோய் நிறுத்தலாமா? வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு தோட்டம் இருந்தால் பட்டினியே இருக்காது என்று ஒரு கட்சி. இதெல்லாம் அரசு தன் பொறுப்பைக் குடிமக்கள் தலையில் கட்டும் தந்திரம் என்று மற்றொரு கட்சி. நூறாண்டு அனுபவமும் முப்பது ஆண்டு ஆய்வுகளும் நம் கையில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் தோட்டம் எந்தப் பசியைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது, யாருடைய வீட்டில் தீர்க்கும் என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

முதலில் வயிற்றுக் கணக்கைப் பார்த்துவிடலாம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 கலோரி வேண்டும். 100 கிராம் அரிசி 350 கலோரி தருகிறது. 100 கிராம் கத்தரிக்காய் தருவது 25தான். கத்தரிக்காயை மட்டும் தின்று ஒரு நாளை ஓட்ட வேண்டுமானால் 8 கிலோ தின்ன வேண்டும். கீரையும் புடலையும் வெள்ளரியும் இதே வகைதான். ஆகவே அரிசி இல்லாத வீட்டில் காய்கறிப் பாத்தி பசியை ஆற்றாது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் வீட்டுத்தோட்டத்தைப் புகழ்வது பட்டினி கிடப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கிழங்கு மட்டும் விதிவிலக்கு. மரவள்ளி 100 கிராமுக்கு 150 கலோரிக்கு மேல் தரும். வள்ளிக்கிழங்கு, கருணை, சேம்பு எல்லாம் வயிற்றை நிரப்பக்கூடியவை. திருவிதாங்கூரில் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். அதன் அருமை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்த்து திருவிதாங்கூர் முழுவதும் வீட்டைச் சுற்றி நட்ட மரவள்ளியால்தான் உயிர் பிடித்துக் கிடந்தது. அப்படியும் 1943, 44இல் அங்கே பட்டினியும் ஊட்டக்குறை நோய்களும் பரவாமல் இல்லை. கிழங்கோடு மீன் சேர்ந்த வீடு தப்பியது. கிழங்கு மட்டுமே தின்ற வீடு வீங்கிய கால்களோடு கிடந்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இதே கதை இன்னும் கொடுமையாக நடந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசிப் பங்கீடு ஆண்டுக்காண்டு சுருங்கியது. உணவை நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள் என்று ஆட்சியாளர்கள் பிரசாரம் செய்தார்கள். ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களும் நகரத்துச் சீனர்களும் மலாய் மக்களும் கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். அந்தத் தலைமுறையில் எஞ்சியவர்கள் பலர் பிற்காலத்தில் அந்தக் கிழங்கைத் தட்டில் பார்க்கவும் விரும்பவில்லை. வயிறு நிறைந்தது உண்மை. பெரிபெரியும் ஆறாத புண்களும் பரவியதும் உண்மை. மாவுச்சத்து மட்டும் கொண்ட உணவு உயிரைக் காக்கும், உடம்பைக் காக்காது. மலாயாவின் இந்தப் பாடம் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

போர்க்காலத் தோட்டங்கள் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது இங்கிலாந்தையும் அமெரிக்காவையும்தான். அமெரிக்காவில் 1943, 44 வாக்கில் 2 கோடித் தோட்டங்கள் இருந்தன என்றும், நாட்டில் உண்ணப்பட்ட புதிய காய்கறியில் ஏறத்தாழ 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது என்றும் அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. இங்கிலாந்தில் வாடகைத் தோட்டத் துண்டுகள் போரின்போது சுமார் 8 லட்சத்திலிருந்து 14 லட்சமாகப் பெருகின. லண்டன் கோபுரத்தைச் சுற்றியிருந்த அகழியிலும் காய்கறி பயிரானது. இந்த எண்களைச் சொல்பவர்கள் அவற்றுக்குப் பின்னால் இருந்த இரண்டு ஏற்பாடுகளைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது நிலம். மக்கள் கேட்டால் உள்ளாட்சி அமைப்பு தோட்டத் துண்டு கொடுத்தாக வேண்டும் என்று இங்கிலாந்தில் 1908லேயே சட்டம் வந்துவிட்டது. போர் தொடங்கியதும் சும்மா கிடந்த நிலத்தையும் பூங்காக்களையும் எடுத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். தோட்டம் போடு என்று சொன்ன அரசு, போடுவதற்கு இடமும் கொடுத்தது. அதற்கும் முன்பே, 1894இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயர் ஹேசன் பிங்கிரி இதையே செய்திருக்கிறார். பொருளாதாரச் சரிவில் வேலையிழந்தவர்களுக்கு நகரின் காலி மனைகளை உருளைக்கிழங்கு நடத் திறந்துவிட்டார்.

இரண்டாவது ஏற்பாடு ரேஷன். இங்கிலாந்தில் வெண்ணெய், இறைச்சி, சர்க்கரை எல்லாம் அளந்து எல்லோருக்கும் கிடைத்தன. ரொட்டிக்குப் போர் முடியும்வரை பங்கீடே இல்லை. வேண்டிய மட்டும் வாங்கலாம். வயிற்றை அரசும் சந்தையும் பார்த்துக்கொண்டன. தோட்டம் அந்த ரொட்டிக்குப் பக்கத்தில் முட்டைக்கோசும் காரட்டும் வைத்தது. இந்தச் சேர்க்கையால்தான் போர்க்கால இங்கிலாந்தின் ஏழைகள் போருக்கு முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள்.

கியூபாவுக்கும் இதே கண்ணாடியைப் போட்டுப் பார்க்கலாம். சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்ததும் கியூபாவுக்கு எண்ணெய், உரம், தானியம் எல்லாம் ஒரே அடியாக வெட்டுப்பட்டன. 1992, 93இல் 50,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வை மங்கியது, கால் நரம்புகள் தளர்ந்தன. பி வகை வைட்டமின் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போதுதான் ஹவானாவின் காலி மனைகளில் மேடைப் பாத்திகள் கட்டி, மட்கு உரம் நிரப்பி, கீரையும் தக்காளியும் வளர்த்தார்கள். உழைக்கத் தயாராக இருந்தவர்களுக்கு அரசு நிலத்தின் அனுபவ உரிமையைக் கொடுத்தது. விதையும் ஆலோசனையும் கிடைக்கிற சிறு கடைகளைப் பேட்டைகளில் திறந்தது. நகரத்தின் காய்கறித் தேவையைப் பெருமளவு இந்தப் பாத்திகளே தந்தன. உலகமெங்கும் இயற்கை வேளாண் ஆர்வலர்கள் ஹவானாவைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் எழுதிய வியப்புகளில் அதிகம் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. கியூபா தன் அரிசியிலும் கோதுமையிலும் பெரும்பங்கை அப்போதும் இறக்குமதிதான் செய்தது, இப்போதும் செய்கிறது. 1962 முதல் இருந்துவந்த ரேஷன் புத்தகம்தான் பட்டினிச் சாவைத் தடுத்தது.

இந்தியாவிலும் தலைவர்கள் முன்மாதிரி காட்டியிருக்கிறார்கள். 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, டெல்லி மாளிகை வளாகத்தின் ஒரு பகுதியைத் தானிய வயலாக்கினார். தானே ஏர் பிடித்தார். 1965இல் லால் பகதூர் சாஸ்திரி தன் வீட்டுப் புல்வெளியில் பயிர் வைத்தார். இருவரும் மனமாரச் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாளிகையைச் சுற்றி நிலம் உள்ளவர் உழுது காட்டுவதைப் பார்த்துக் குடிசைக்கு வெளியே வாய்க்கால் ஓடுகிறவர் என்ன செய்ய முடியும்? நாடு 1965ஐ ஒட்டிய பஞ்ச ஆண்டுகளைத் தாண்டியது கப்பலில் வந்த கோதுமையாலும் பின்னால் வந்த பசுமைப் புரட்சியாலும்தான்.

தானியத்தால் அடங்காத பசி ஒன்று உண்டு. அங்கேதான் தோட்டத்தின் உண்மையான வேலை தொடங்குகிறது.

வங்கதேசத்தில் 1980களில் வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழந்துகொண்டிருந்தார்கள். மாலைக்கண் நோய் கிராமங்களில் சாதாரணம். ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் வைட்டமின் மாத்திரைகள் கொடுத்துவந்தது. அத்தோடு, கீரைத் தோட்டம் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு மாலைக்கண் குறைவாக இருப்பதையும் கவனித்தது. 1990இல் வடமேற்கில் சுமார் 1000 குடும்பங்களோடு ஒரு முன்னோட்டம் தொடங்கினார்கள். 2003க்குள் அது ஏறத்தாழ 9 லட்சம் குடும்பங்களுக்குப் பரவியது. வங்காளத்து வீடுகளுக்குத் தோட்டம் புதிதல்ல. சுரையும் பூசணியும் கூரையில் படர்ந்து கிடக்கும். ஆனால் அவை பருவத்துக்கு மட்டும் காய்த்தன. மற்ற மாதங்களில் வீடு வெறுமையாக இருந்தது. புதிய திட்டம் செய்த பெரிய மாற்றம் இதுதான்: நிலையான பாத்திகள் போட்டு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பறிக்கக் கிடைக்கும்படி பல வகைப் பயிர்களை முறை வைத்து நட்டார்கள். ஊருக்கு ஒரு நாற்றங்கால், அதை நடத்த ஊரிலேயே ஒருவர். சில ஆண்டுகளில் கோழியும் முட்டையும் சேர்ந்தன. ஏனென்றால் கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுவதுமாக எடுத்துக்கொள்வதில்லை. தாவர உணவு மட்டும் இரத்தசோகைக்குப் போதவில்லை என்பது நடத்திப் பார்த்ததில் தெரிந்தது.

அந்த வீடுகளில் விற்ற காய்க்கும் முட்டைக்கும் வந்த காசு பெரும்பாலும் பெண்களின் கையில் தங்கியது. அதைக் கொண்டு பருப்பும் எண்ணெயும் மீனும் வாங்கினார்கள். எண்ணெய் இங்கே சாதாரணப் பொருளில்லை. கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். வெறும் தண்ணீரில் வேகவைத்த முருங்கைக்கீரை, அதிலுள்ள செல்வத்தில் ஒரு பகுதியைத் தராமலே போய்விடும்.

இந்தத் திட்டங்களால் குழந்தைகள் உயரமாக வளர்ந்தார்களா? 2012இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய 23 ஆய்வுகளை அலசிப் பார்த்தது. காய்கறி உண்பது கூடியது என்று அது கண்டது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, சரியாக வடிவமைக்கப்படாதவை என்றும் அதுவே சொன்னது. தோட்டத்தை நம்பியவர்களுக்கு அது ஓர் அடி. ஆனால் நல்ல அடி. அதன் பிறகுதான் ஒழுங்கான சோதனைகளின் முடிவுகள் வந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா பாசோவின் கூர்மா மாகாணத்தில் 2010 முதல் 2012 வரை நடந்த சோதனையில் தோட்டமும் கோழியும் தாய்மார்களுக்கான ஊட்டச்சத்துப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். குழந்தைகளின் இரத்தசோகை குறைந்தது, வயிற்றுப்போக்கு குறைந்தது, உடல் மெலிவும் குறைந்தது. உயரத்தில் மாற்றமில்லை. நேபாளத்தின் பைதடி மாவட்டத்தில் நடந்ததும் ஏறக்குறைய அப்படியே: தாய்க்கும் சேய்க்கும் இரத்தம் ஊறியது, வளர்ச்சி அளவுகள் நகரவில்லை.

எனக்கு இந்த முடிவுகள் ஏமாற்றம் தரவில்லை. குழந்தை உயரமாக வளர நல்ல குடிநீர், கழிப்பறை, பால், முட்டை, கர்ப்பக் காலத்தில் தாய்க்கு ஓய்வு என்று எத்தனையோ வேண்டும். அத்தனையையும் ஒரு பாத்தியிடம் கேட்கக் கூடாது. இரத்தசோகை குறைந்தது என்றால் ஒரு பெண் களைப்பில்லாமல் வேலை செய்கிறாள், பிரசவத்தில் உயிர் தப்புகிறாள், குழந்தை பள்ளியில் கண்ணயராமல் உட்கார்ந்திருக்கிறது. அது சிறிய காரியமா?

தமிழ்நாட்டை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். பள்ளியில் மதிய உணவு, அதில் முட்டை. பட்டினிச் சாவு என்பது இந்த மாநிலத்தில் பெரும்பாலும் பழங்கதை. இருந்தும் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நான்கில் ஒருவர். சோறு இருக்கிறது, தட்டில் சோற்றைத் தவிர வேறு அதிகமில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, கீரை வேண்டும் என்கிறது. தக்காளி கிலோ நூறைத் தொடும் மாதங்களில் நான்கு பேர் உள்ள கூலிக் குடும்பம் தினமும் 1,600 கிராம் காய் வாங்குமா? அன்று இரசத்தோடும் ஊறுகாயோடும் முடிந்துவிடும் சாப்பாடு. ரேஷன் வயிற்றைப் பார்த்துக்கொள்கிற இங்கேதான் வீட்டுத்தோட்டத்துக்கு உலகத்திலேயே பொருத்தமான இடம் என்று நான் நம்புகிறேன். 2022இன் இலங்கை, தோட்டத்திடம் அரிசியின் வேலையைக் கேட்டது. தமிழ்நாடு அதனிடம் அதன் வேலையையே கேட்கலாம்.

கேட்டும் இருக்கிறது. 2013–14 முதல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கான பைகள், தென்னைநார்க் கழிவு, விதை, உரம் ஆகியவற்றை ஒரு தொகுப்பாகத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்தது. கிராமங்களுக்கும் காய்கறி விதைத் தொகுப்புகள் போயிருக்கின்றன. மாடித்தோட்டம் வைத்தவர்கள் அதை ஆசையோடு வளர்க்கிறார்கள். விதை பரிமாற நண்பர் குழு, பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், ஞாயிற்றுக்கிழமை காலை அறுவடை என்று அது ஒரு நல்ல உலகம். ஆனால் மாடி யாருக்குச் சொந்தம்? வாடகைக்கு இருப்பவர் மாடியில் மண் ஏற்றினால் தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் தடுப்பார். குடிசைமாற்று அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடத்தில் தண்ணீர் ஏற்றுகிற பெண்ணுக்குச் செடிக்கு ஊற்றத் தண்ணீர் ஏது? மானியம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடம், ஏற்கனவே காய்கறி வாங்க முடிந்த வீடுகள்.

நிலம், தண்ணீர் இரண்டும்தான் இந்த விஷயத்தின் முடிச்சு. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். நடைபாதை போக 30 சதுர மீட்டரில் பயிர் வைத்து, சதுர மீட்டருக்கு ஆண்டில் 5 கிலோ என்று அடக்கமாகக் கணக்குப் போட்டாலும் 150 கிலோ கிடைக்கும். நால்வர் குடும்பத்தின் ஆண்டுத் தேவை 584 கிலோ. அதில் நாலில் ஒரு பங்கு ஒரே சென்டில் வந்துவிடுகிறது. மூன்று சென்ட் இருந்தால் முக்கால் பங்கு. ஆனால் நிலமற்ற குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் இலவச மனைப்பட்டாவே பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்ட்தான். வீடு கட்டினால் அது முடிந்தது. ஊருக்கு வெளியே காலனியில் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் தலித் குடும்பங்களிடம் வீட்டுத்தோட்டம் போடச் சொல்வதற்கு முன், அவர்களுக்கு ஏன் கொல்லை இல்லாமல் போனது என்று கேட்க வேண்டும்.

பக்கத்து மாநிலம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த இடத்தையே சொந்தமாக்க வழிசெய்தது: பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3. பத்து சென்டில் வீடு போக ஒரு தென்னை, ஒரு பலா, பலாவில் ஏறிய மிளகு, நிழலில் சேம்பும் சேனையும், கிணற்றடியில் வாழை. கேரளத்துப் புரையிடத்தின், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தின், வளத்தைப் பார்த்து மலைப்பவர்கள், அது மழையால் மட்டும் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

இலங்கையின் மலையகத்தில் இதற்கு நேர் எதிரான நிலை. பெருந்தோட்டங்களில் இருநூறு ஆண்டுகளாக உழைத்த தமிழர்களுக்கு லயம் என்ற வரிசை வீட்டின் அறையோ அதன் முன்னால் உள்ள கையளவு மண்ணோ சொந்தமில்லை. இருந்தும் லயத்தோரச் சரிவில் கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் போட்டுத்தான் பல குடும்பங்கள் சமாளிக்கின்றன. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் செத்து விழுந்தார்கள். 2022 நெருக்கடியிலும் மிக மோசமாக அடிபட்டது தோட்டப்புறமே. அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை கிடைத்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவருக்கு அன்றைக்கும் நாட்கூலிதான், வேலைக்குப் போகாவிட்டால் அதுவும் இல்லை. 2015க்குப் பிறகு தனி வீட்டோடு 7 பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் வந்தது. 7 பேர்ச்சஸ் என்றால் நாலு சென்டுக்குச் சற்று மேல். அதற்கான உறுதிப் பத்திரம் கைக்கு வந்த குடும்பங்கள் இன்னும் சிறு பகுதியே. மலையகத்தின் உணவுப் பிரச்சினைக்கு வீட்டுத்தோட்ட ஆலோசனை சொல்ல வருகிற எந்த அமைப்பும் இந்தக் காணி உறுதியைத் தன் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கடுமையானது. கோடையில் சதுர மீட்டருக்குத் தினமும் 4, 5 லிட்டர் வேண்டும். 30 சதுர மீட்டருக்கு 120 லிட்டருக்குக் குறையாது, எட்டுக் குடம். ராமநாதபுரத்திலோ விருதுநகரிலோ குடிதண்ணீருக்கே வண்டியை எதிர்பார்த்து நிற்கிற பெண் எட்டுக் குடம் தூக்கிச் செடிக்கு ஊற்ற மாட்டாள், ஊற்றவும் கூடாது. தோட்டத் திட்டங்கள் எல்லாம் பெண்ணின் நேரத்தை இலவசம் என்று வைத்துக்கொண்டு போடப்படுகின்றன. விடியலில் எழுந்து, சமைத்து, கூலிக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைக்கிறவளிடம் இன்னொரு மணி நேரம் கேட்கிறோம். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுவது, குளித்த நீர் ஓடும் இடத்தில் மேடை போடுவது போன்ற பழைய வழிகள் அந்த மணி நேரத்தைக் குறைக்கும்.

பயிரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஏழை வீட்டின் நியாயம் வேறு. தக்காளியும் கத்தரியும் மூன்று மாதம் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டியவை. ஒரு வாரம் தவறினால் வெள்ளை ஈயும் காய்ப்புழுவும் முடித்துவிடும். முருங்கைப் போத்து ஒன்றை மழைக்கு முன் ஊன்றிவிட்டால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கம்பளிப்பூச்சிக் காலத்தில் மட்டும் கவனம் வேண்டும். பப்பாளி, அகத்தி, கறிவேப்பிலை, சுண்டை, தவசிக்கீரை, வேலியில் படரும் கோவை, பந்தலில் ஒரு அவரைக் கொடி. நேரமில்லாதவர்களின் தோட்டம் இப்படித்தான் இருக்க முடியும், இதில் சத்துக்கும் குறைவில்லை. இலங்கையில் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஊர் ஊராகப் பலாக்கன்று நடும் இயக்கம் நடத்தினார். சிங்களத்தில் அவருக்கு 'கொஸ் மாமா' என்றே பெயர் வந்துவிட்டது, பலா மாமா. பிஞ்சில் கறி, காயில் சோற்றுக்கு மாற்று, பழம், கொட்டை எல்லாம் தருகிற மரம் அது. இன்றும் அங்கே பலாமரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். பஞ்ச காலத்துக்கு முன்கூட்டியே நட்டுவைத்தது அவருடைய தீர்க்கதரிசனம். 2022இல் நெருக்கடி வந்த பிறகு வெள்ளிக்கிழமை விடுமுறையில் விதைத்த கதையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

விதைத் தொகுப்பு எந்த மாதம் கையில் கிடைக்கிறது என்பதும் அந்தக் காலக் கணக்கைச் சேர்ந்ததுதான். ஆடிப்பட்டத்துக்கு வர வேண்டியது நிதி ஒதுக்கீடு தாமதமாகி மாசியில் வந்தால், வெயிலில் முளைத்துக் கருகும். ஒட்டுரக விதை கொடுத்தால் அடுத்த பருவத்துக்கு அதிலிருந்து எடுத்து வைத்து விதைத்துப் பயனில்லை. மறுபடி அரசு கொடுக்கும்வரை பாத்தி தரிசு. நாட்டு ரகம் கொடுத்தால் ஒரு சுரைக்காயை முற்றவிட்டு ஊருக்கே விதை எடுக்கலாம். வேலிக்குப் பணம் ஒதுக்காத திட்டம் அடுத்த வீட்டு ஆட்டுக்குத் தீவனம் போடும் திட்டம்தான். கொங்கு நாட்டில் மயிலும், இலங்கையில் குரங்கும் தோட்டத்தையே கைவிட வைத்திருக்கின்றன.

கொல்லையே இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்குப் பொது நிலம்தான் கொல்லை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் ஓரளவாவது இடம் இருக்கிறது, சமையல் நடக்கிறது, கைகழுவிய தண்ணீர் வீணாகப் போகிறது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019இல் வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. பல பள்ளிகளில் தோட்டம் தொடங்குகிறது, ஏப்ரல், மே விடுமுறையில் காய்ந்துபோகிறது. ஆசிரியருக்கோ சமையல் உதவியாளருக்கோ அது கூடுதல் வேலை, கூலி இல்லை. ஜார்க்கண்ட் 2020இல் ஒரு வழி காட்டியது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் வீட்டையொட்டி ஒன்று முதல் ஐந்து சென்ட்வரை தோட்டம் போடும் உழைப்பை நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்த்துக் கூலி கொடுத்தார்கள். தன் பாத்தியில் மண் வெட்டியதற்கு அவளுக்குச் சம்பளம். பாத்தி அவளுடையது, காயும் அவளுடையது. அதே கூலியை அங்கன்வாடித் தோட்டத்துக்கும் நீட்டி, கோடை இரண்டு மாதமும் தண்ணீர் ஊற்ற அந்தத் தெருவிலேயே ஒருவரை நியமித்தால், ஜூனில் பள்ளி திறக்கும்போது முருங்கையும் பப்பாளியும் சமையலுக்குத் தயாராக நிற்கும். அதற்கு ஆகும் செலவு, ஓர் ஒன்றியத்தில் ஆண்டுதோறும் வாங்கிக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளின் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. மாவட்டத் திட்டக் கூட்டங்களில் இந்த இரண்டு கணக்கும் ஒரே தாளில் வர வேண்டும்.